இடது முன் சக்கரம்

பிப்ரவரி 20, திங்கள்

இந்த டைரி ஏலக்காய்க் கடைக்காரர் புது வருடத்துக்குக் கொடுத்தது. வண்டிக்கு எப்போது ஆயில் மாற்றினேன், எப்போது கிரீஸ் அடித்தேன் என்று மட்டும் இதில் குறித்து வைப்பேன். இன்று கூடுதலாக எழுதுகிறேன். வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

இருபத்தாறு வருடமாக போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறேன். விடிவதற்கு முன்னால் பதினான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, மாநில எல்லை தாண்டி, அதற்கப்புறம் தார் பார்க்காத தோட்டப் பாதையில் முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து மேலே கொண்டுபோய் இறக்கிவிடுவேன். சாயங்காலம் அதே பதினான்கு பேரையும் வீடு சேர்ப்பேன். வண்டி என் மூத்த மகளைவிட நான்கு வயது பெரியது. இன்றுவரை நடு வழியில் நின்று என்னை அவமானப்படுத்தியதில்லை.

எங்கள் ஸ்டாண்டில் யார் வண்டியில் சத்தம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, இது புஷ், இது கிராஸ், இது ஸ்பிரிங் பட்டை என்று கெட்டுப்போன சாமானைச் சொல்லிவிடுவேன். ஒர்க்‌ஷாப் நைனார் பாய் நான் சொன்னதைத்தான் கழற்றுவார். சின்னமாயன் காது என்றால் ஊரில் அப்படி ஒரு பேர்.

அப்படிப்பட்ட என்னிடம் இன்று பொம்முத்தாய் சொல்கிறாள், "அண்ணே, முன்னாடி சக்கரத்துப் பக்கம் என்னமோ கத்துது. பாருங்க." தூக்கிவாரிப் போட்டது எனக்கு. ஏலக்காய் பறிக்கிறவள் எனக்கு வண்டி பற்றிப் பாடம் எடுக்கிறாள்.

இந்த பொம்முத்தாயைப் பற்றியும் எழுதிவிட வேண்டும். என் பக்கத்து முன் சீட்டு வாரம் ஒருத்திக்கு என்பது எங்கள் வண்டியின் முறை. பின்னால் தூசியும் குமட்டலும் அதிகம் என்பதால் முன் சீட்டுக்குச் சண்டையே நடக்கும். தீபாவளியிலிருந்து அந்தச் சீட்டை இவள் பட்டா போட்டு வைத்திருக்கிறாள். ஒருத்தியும் வாயைத் திறப்பதில்லை. உட்கார்ந்தால் சும்மா வருகிறாளா? என் தோளில் தட்டித் தட்டி, "அண்ணே ஒதுங்குங்க, பின்னாடி பஸ்ஸு" என்று உத்தரவு வேறு.

பிப்ரவரி 21, செவ்வாய்

வெறும் வண்டியை ரயில்வே கேட்டுப் பக்கம் பள்ளம் மேடாக ஓட்டிப் பார்த்தேன். முன்னால் டொக் டொக் என்று வந்தது. பொம்முத்தாய் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது கத்தல் இல்லை, தட்டல். பெண்களுக்கு வித்தியாசம் தெரியாது.

நேராக நைனார் பாயிடம் போனேன். "பாய், இடது பக்கம் பட்டையைத் தாங்குற புஷ் போயிருச்சு. மாத்திருங்க."

பாய் படுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். ரப்பர் துணுக்கை என் கையில் வைத்தார். "எப்படிண்ணே ஓட்டிட்டு வந்த ஒடனே சொல்றீங்க? நான் கழட்டாம சொல்ல மாட்டேன்" என்றார். ஒர்க்‌ஷாப்பில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். டீ இரண்டு குடித்தேன்.

பிப்ரவரி 22, புதன்

டொக் டொக் போய்விட்டது. அதே வண்டியில் போகிற பொம்முத்தாய் என்ன சொல்கிறாள் தெரியுமா? "அது நின்னுருச்சுண்ணே. இது நிக்கல. கீய்ய்ன்னு, சில்வண்டு மாதிரி."

"சில்வண்டுதேன். காட்டு ரோட்டுல சில்வண்டு கத்தாம குயிலா கத்தும்?" என்றேன். பின்னால் சிரிப்பு எழும் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மையைச் சொன்னால் இந்த வருடம் மலையில் சில்வண்டு அதிகம் இல்லை. முன்பெல்லாம் மாசி பிறந்தால் காதைப் பிளக்கும். தோட்டத்துக்காரர்கள் மருந்தடித்து மருந்தடித்து எல்லாவற்றையும் கொன்றுவிட்டார்கள். மிச்சம் மீதி ஒன்றிரண்டு எங்கோ கத்தியிருக்கும்.

பிப்ரவரி 24, வெள்ளி

காமாயியும் ஆரம்பித்துவிட்டாள். பாவம், அதிகம் பேசாத பெண். எனக்கு நேர் பின்னால் உட்காருவாள். "அண்ணே, எனக்கும் கேக்குது. இடது பக்கம்" என்றாள். சரி, ஊர் வாயை அடைக்கலாம் என்று மறுபடி ஒர்க்‌ஷாப் போனேன்.

பாய் ஜாக்கி வைத்து இடது முன் சக்கரத்தைத் தூக்கினார். கையால் சுற்றிவிட்டார். நீளமான திருப்புளியை எடுத்து முனையை சக்கரத்தின் நடு மூடியில் வைத்து, பிடியைத் தன் காதில் அழுத்திக்கொண்டார். உள்ளே பேரிங் எப்படி ஓடுகிறது என்பது அப்படித்தான் தெரியும். பாய் கண்ணை மூடி ரொம்ப நேரம் கேட்டார்.

"எனக்கு லேசா ஒரு கரகரப்பு இருக்க மாதிரி தெரியுதுண்ணே. நீங்க கேட்டுப் பாருங்க."

நான் வாங்கிக் காதில் வைத்தேன். சக்கரம் சுற்றியது. பாலில் விரல் விட்ட மாதிரி இருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"ஒன்னுமில்ல பாய். சுத்தமா இருக்கு."

"எதுக்கும் சக்கரத்து நடுவுல ஹப்பைக் கழட்டி பேரிங்கைப் பாத்துரலாமாண்ணே? அரை நாள் வேலை."

"நான் கேட்டுட்டுச் சொல்றேன். அப்புறம் எதுக்குக் கழட்டணும்? பெட்ரூம்ல ஃபேனைப் போட்டுத் தூங்கித் தூங்கி உங்களுக்குக் காதுக்குள்ள கரகரங்குது."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். திருப்புளியை மாட்டிவிட்டு, "நீங்க சொன்னா சரிண்ணே" என்றார். வந்தது வந்தோம் என்று, முன் ஷாஃப்ட்டை இணைக்கும் கிராஸ் ஒன்று மாற்றச் சொன்னேன். பழையதில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. எழுதி வைக்கிறேன்: கிராஸ், முன்பக்கம், 24-ஆம் தேதி.

பிப்ரவரி 25, சனி

மலையிறங்கி வந்ததும் இடது சக்கரத்தின் நடுவில் கை வைத்தேன். சுட்டது. பிரேக் மிதித்தே இறங்கினால் சுடத்தான் செய்யும். வலது சக்கரத்தில் வைத்துப் பார்த்தேன். அதுவும் சூடுதான். அவ்வளவு இல்லை.

வீட்டில் என் மனைவி குருவம்மாள் இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் கத்துகிறாள். சோறு போடட்டுமா என்பதையும் சண்டைக்கு வருகிற மாதிரிதான் கேட்கிறாள். ஐம்பது தாண்டினால் பெண்களுக்குக் குரல் தடித்துப்போகும் போலிருக்கிறது. டிவியை மட்டும் எலி நடக்கிற மாதிரி வைக்கிறாள்.

பிப்ரவரி 27, திங்கள்

இன்று நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பதினோராவது வளைவு தாண்டி மரங்கள் அடர்ந்த இடம். பொம்முத்தாய் மறுபடியும், "அண்ணே, இன்னைக்கு ரொம்பக் கத்துது" என்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. வண்டியை ஓரம் கட்டினேன். இன்ஜினை அணைத்தேன்.

"இப்ப வண்டி ஓடல. சக்கரம் சுத்தல. இப்பவும் சத்தம் கேக்குதா இல்லையா? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

"கேக்குதுண்ணே."

"அப்ப வண்டிதான் கத்துதா? சில்வண்டுதான?"

"இப்பக் கேக்குறது சில்வண்டுதேன். மரத்துக்கு மரம் ஒக்காந்து அலறுது. பேசுறதே காதுல விழ மாட்டேங்குது. வண்டில வந்தது வேற சத்தம்ணே, அது சக்கரம் நின்னதும் நின்னுருச்சு."

பின்னாலிருந்து ஒருத்தி, "இந்தக் கத்துக் கத்துதுக, தலையே வலிக்குது" என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

நான் கேட்டேன். நன்றாகக் கேட்டேன். தலையை வெளியே நீட்டிக் கேட்டேன். இன்ஜின் சூடு ஆறும்போது வரும் டிக் டிக் கூட இல்லை. காற்று இலையில் அசைவது கண்ணுக்குத் தெரிந்தது. மலை முழுவதும் ஊமையாக இருந்தது.

தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். "ஆமா, அலறுதுதேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். கிளம்பும்போது பொம்முத்தாய் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 28, செவ்வாய்

வண்டி நன்றாக ஓடுகிறது.

மார்ச் 1, புதன்

குருவம்மாள் கோயிலுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் ஒவ்வொரு அழைப்பு மணியாக அடிக்கவிட்டேன். மேளம் போட்டது கேட்டது. பேச்சு கேட்டது. குருவி கத்துகிற மாதிரி ஒன்று இருக்கிறதாம், திரையில் அலை ஓடுகிறது, சத்தம் வரவில்லை. போனை உலுக்கினேன். மகள் வாங்கிக் கொடுத்த போன், கோளாறாக இருக்கலாம். குளிர் காலத்துச் சளி காதில் இறங்கியும் இருக்கலாம்.

ஆனால் டொக் டொக் கேட்டதே! லாரி இன்ஜின் கேட்கிறது. ஆள் பேசினால் கேட்கிறது. கனத்த சத்தமெல்லாம் கேட்கும்போது நான் எப்படிச் செவிடன்?

ஹப்பைக் கழற்றிப் பார்த்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை. இது கடைசிச் சுற்றுக் காய் எடுப்பு. நடுவில் வண்டியை நிறுத்தினால் பதினான்கு பேருக்கும் வேலை போகும். அவர்களுக்காகத்தான் ஞாயிறுவரை பொறுக்கிறேன். இதை நாளைக்கு யாராவது படித்தால் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

மார்ச் 2, வியாழன்

சக்கரம் கழன்றுவிட்டது. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 3, வெள்ளி

சாயங்காலம் நாலரை மணி. இறங்கிக்கொண்டிருந்தோம். எட்டாவது வளைவுக்கு மேலே நேர் ரோடு. வலது பக்கம் மலை, இடது பக்கம் பள்ளம்.

பொம்முத்தாய், "அண்ணே நிறுத்துங்க" என்றாள். நான் நிறுத்தவில்லை. "அண்ணே, சத்தம் மாறுது, அறுக்குற மாதிரி இருக்கு, நிறுத்துங்க" என்று என் கையைப் பிடித்தாள். "நீ ஓட்டுறியா? வந்து ஓட்டு" என்று கத்தினேன். கத்தி வாயை மூடவில்லை, ஸ்டியரிங் கையில் உதறியது. பிரேக்கை மிதித்தேன். கால் அடிவரை போனது. என் கண் முன்னாலேயே ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு ரோட்டில் உருண்டு போனது. யார் வண்டிச் சக்கரம் என்று ஒரு கணம் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அது ஓரக் கல்லில் ஏறிக் குதித்துப் பள்ளத்துக்குள் போனது. அப்புறம்தான் வண்டியின் இடது மூக்கு தரையில் விழுந்தது.

எதிரே வண்டி வருகிறதா என்று எனக்குத் தெரியாது. பொம்முத்தாய்தான், "ஒன்னும் வரல, திருப்பு, மலைப்பக்கம் திருப்பு" என்று அலறினாள். முழு பலத்தோடு வலது பக்கம் ஒடித்தேன். தீப்பொறி பறந்தது. மலையில் மோதி, உரசி, நின்றது.

பின்னால் அழுகை. காமாயி கம்பிக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டியிருந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. அந்தக் கையை யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு, வீக்கம். எண்ணினேன். பதினான்கு. மறுபடி எண்ணினேன். மூன்றாம் முறை எண்ணிவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்று ஸ்டாண்டில் எனக்கு ராஜ மரியாதை. செயலாளர் சுருளிவேல் கட்டிப்பிடித்துக்கொண்டார். "வேற எவனாவது இருந்திருந்தா பதினஞ்சு பொணம்யா. அந்த நேரத்துல மலைப்பக்கம் திருப்பணும்னு புத்தி வந்துச்சு பாரு, அது அனுபவம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மாலை போடப் போகிறார்களாம்.

ஹப்பில் மிச்சம் இருந்ததை நைனார் பாய் ஒரு தகரத் தட்டில் கொட்டி வைத்திருந்தார். பேரிங் பொடிப்பொடியாக இருந்தது. உருளைகள் நீலம் பாரித்துக் கிடந்தன. கிரீஸ் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. இப்படி ஆக ஒரு நாள், இரண்டு நாள் போதாது. இது பத்து நாளாவது கதறியிருக்கும்.

சுருளிவேல் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டுப் பாயைப் பார்த்தார். "பத்து நாளைக்குள்ள ரெண்டு தடவை வண்டி உன்கிட்ட வந்துருக்கு. சக்கரத்தைத் தூக்கிருக்க. இதைப் பாக்கலன்னா நீ என்னய்யா மெக்கானிக்?" என்று கேட்டார்.

பாய் என் பக்கம் திரும்பினார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 4, சனி

காமாயியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருக்கிறது, கம்பி வைக்க வேண்டுமாம். அந்தக் கையால் இனிமேல் காய் பறிக்க முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாராம். அவள் புருஷன் இல்லாதவள். எனக்கு முன்பே தெரியும், ஆனாலும் அவள் படுக்கை அருகில் நின்றபோதுதான் அது உறைத்தது.

காமாயி இடது கையை எடுத்துக் கும்பிடப் பார்த்தாள். ஒரு கையால் கும்பிட முடியவில்லை. "நீங்க இல்லன்னா நான் பள்ளத்துல கெடப்பேண்ணே" என்றாள். வாங்கிப் போன ஆரஞ்சை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே ஓடி வந்தேன். 

திரும்பும் வழியில் நைனார் பாய் ஒர்க்‌ஷாப்பைப் பார்த்தேன். சனிக்கிழமை மத்தியானம், ஆறேழு வண்டி நிற்கிற நேரம். என் வண்டி மட்டும் மூன்று காலோடு நின்றது. பாய் அதன் அடியில் படுத்திருந்தார். என் காலை அடையாளம் கண்டு வெளியே வந்தார்.

"ஸ்டாண்டு வண்டி ஒன்னும் இனி என்கிட்ட வராதாம். நாளைக்குக் கூட்டத்துல தீர்மானம் போடுறாங்க. சொல்லி அனுப்பிட்டாங்க."

பாய் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே மேலே சொன்னார்.

"எனக்குக் கேட்டுச்சுண்ணே. அன்னைக்குத் திருப்புளி வச்சப்ப நல்லாவே கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கலன்னதும் என் காதுதேன் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். நீங்க சொன்னா தப்பா இருக்காதுல்ல?"

குத்திக்காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவர் இன்னும் என்னைத்தான் நம்புகிறார். ஏதோ ஒரு விதத்தில் தன் வேலையில்தான் பிழை என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 5, ஞாயிறு

கூட்டம் ஸ்டாண்டில் வேப்ப மரத்தடியில். டிரைவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வண்டியில் வந்த பெண்களும் வந்து ஓரமாக நின்றார்கள். நைனார் பாய் கடைசியில் நின்றார். சுருளிவேல் மாலையை எடுத்தபோது நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"பாய் ஹப்பைக் கழட்டணும்னாரு. நான்தான் வேணாம்னேன்."

"விடுண்ணே, உன் பெருந்தன்மை அது" என்றார் சுருளிவேல்.

"பெருந்தன்மை இல்லய்யா. எனக்குக் காது கேக்கல."

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார்கள். மேலே சொன்னேன். திருப்புளியைக் காதில் வைத்தபோது ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததைச் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னேன். திங்கட்கிழமை நடுக் காட்டில் வண்டியை நிறுத்தியபோது எனக்கே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் மூன்று நாள் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறினேன், இறங்கினேன். காமாயி கைக்கு நான் ஜவாப்தாரி. பாய்க்கு இதில் பங்கில்லை.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சுருளிவேல் மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் அதிர்ந்துபோவார்கள், திட்டுவார்கள், அந்தப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன். பொம்முத்தாய் முன்னால் வந்தாள்.

"எங்களுக்குத் தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"தீபாவளிக்கு முந்துன வாரம் பின்னாடி வந்த லாரிக்காரன் அத்தன தடவை கீச்சுன்னு ஹாரன் அடிச்சான். நீங்க ஒதுங்கவே இல்ல. அன்னைக்கே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறந்தேன் நான் முன்னாடி ஏறுனேன். நாங்க பேசி வச்சுக்கிட்டோம். குருவம்மா அக்காகிட்டயும் சொன்னோம். சொன்னா மனசொடிஞ்சு போயிருவாரு, வேணாம்னுச்சு."

 இத்தனை மாதமும் என் தோளில் தட்டிய கை எதற்குத் தட்டியது என்று அப்போதுதான் புரிந்தது. "தெரிஞ்சுமா ஏறுனீங்க?" என்றேன்.

"வேற எதுல ஏறச் சொல்றீங்க? இந்தா நிக்கிறான் தவசி, காலைலயே ஊத்திட்டுத்தேன் சாவியத் தொடுவான். அடுத்தவன் இருபத்திரண்டு பேரை அடைப்பான். இன்னொருத்தன் போன் பேசிக்கிட்டே வளைவு திருப்புவான். நீங்க காது கேக்காம ஓட்டுறீங்க. எது தேவலைன்னு பாத்தோம். உங்களதுல ஒரு கொறைதேன் இருந்துச்சு, அதுக்கு நான் இருக்கேன்னு நெனச்சேன்." அவள் பெண்கள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நான் சத்தமாச் சொல்லிருக்கணும்ணே. அன்னைக்கே எறங்கிருக்கணும்."

அத்தனை டிரைவர்களும் நின்றோம். ஒருவனாலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்தப் பெண்கள் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் வந்து நின்று, எந்த வண்டியில் ஏறினால் சாவதற்கு வாய்ப்பு குறைவு என்று பார்த்து ஏறியிருக்கிறார்கள். நான் என்னவோ என்மேல் உள்ள மதிப்பில் ஏறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 7, செவ்வாய்

தேனியில் காது டாக்டரிடம் குருவம்மாள் கூட்டிப் போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். ரொம்ப நேரம் கையைத் தூக்காமலே உட்கார்ந்திருந்தேன். கூண்டுக்கு வெளியே குருவம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இத்தனை வருட டீசல் இன்ஜின் சத்தம்தான் தின்றுவிட்டது, மெல்லிய சத்தம் எல்லாம் போய்விட்டது, இனி வராது, காது மெஷின் வைத்தால் கொஞ்சம் உதவும் என்றார் டாக்டர். மலை ரோட்டில் ஓட்டலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கேட்டிருக்க வேண்டியதில்லை.

மார்ச் 8, புதன்

லைசென்ஸை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் குருவம்மாளிடம் கொடுத்துவிட்டேன். வண்டி தயார் என்று பாய் சொல்லி அனுப்பினார். இரண்டு முன் சக்கரத்துக்கும் புது பேரிங். ஓட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. ஒரு வாரமாக அந்தப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தியும் தவசி வண்டியில் ஏறவில்லை.

சாயங்காலம் பாயைப் பார்க்கப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவரே, "ஆள் கெடைக்கிற வரைக்கும் நான் ஓட்டுறேன். ஒர்க்‌ஷாப்பைப் பத்து மணிக்குத் தொறந்துக்கிறேன். சாயங்காலம் மூணு மணிக்குச் சாத்திட்டு மறுபடி போறேன்" என்றார். நான் அழுதுவிட்டேன். எழுதுவதற்கு வெட்கமில்லை, ஒர்க்‌ஷாப் நடுவில் நின்று அழுதேன்.

"ஆனா மொத நாளு நீங்களும் வரணும். தோட்டப் பாதை எனக்குப் பழக்கமில்ல" என்றார்.

மார்ச் 9, வியாழன்

விடியற்காலையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். பாய் ஸ்டியரிங்கில். பொம்முத்தாயைப் பாதை சொல்ல முன்னால் உட்காரச் சொன்னேன், தோட்டப் பாதை எனக்குத் தெரிந்த அளவு அவளுக்கும் தெரியும். பின்னால் ஒரு இடம்தான் இருந்தது, காமாயி இடம். அதில் உட்கார்ந்தேன்.

இருபத்தாறு வருடத்தில் இந்த வண்டியின் பின்னால் நான் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கிருந்து முன்னால் ரோடு தெரியாது. டிரைவரின் முதுகும் ஆட்களின் தலையும்தான். வளைவு வருவது வளைந்த பிறகுதான் தெரிகிறது. பிரேக் பிடிப்பது முன்சீட்டுக் கம்பியில் முகம் இடிக்கும்போதுதான் தெரிகிறது. பின்பக்கம் திறந்த வாசலில் விட்டுவந்த ரோடும், அதற்கப்பால் பள்ளமும் மட்டும் தெரிந்துகொண்டே இருக்கின்றன. டயர் ஓரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் ஓடுகிறது என்று அறிய ஒரு வழியும் இல்லை.

பாய் என்னைவிட மெதுவாகத்தான் ஓட்டினார். அப்படியும் நான்காவது வளைவில் கண்ணை மூடிக்கொண்டேன். எட்டாவது வளைவுக்கு மேலே மலையில் எங்கள் வண்டி உரசிய வெள்ளைத் தழும்பு கடந்து போனது. அப்போது என் இரண்டு கையும் எதையாவது பிடிக்கத் தேடின. எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. நான் போட்ட சீட்டு, நான் அடித்த பெயிண்ட், எதைப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் இருந்த பெண் என் கையை எடுத்து, தலைக்கு மேலே கூரைக் கம்பியில் ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். அந்த இடம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. என் காதுக்குப் பக்கத்தில் வந்து, எனக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

"பயப்படாதீங்கண்ணே. மொத நாளு அப்படித்தேன் இருக்கும்."